வரவேற்பறையில் ஒரு பானெட்

வண்டிச் சோதனை மையத்தில் அந்த அதிகாரி எங்கள் காரின் முன்பக்க மூடியை, பானெட்டை, ஸ்க்ரூடிரைவர் முனையால் மெல்லத் தட்டினார். முனை உள்ளே போய்விட்டது. அப்பளத்தில் விரல் போவது போலத்தான், அவ்வளவு சுலபமாக. அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார். நான் இருவரையும் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேன்ல?" என்றேன். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் இந்த வாக்கியத்தைச் சொல்லக் கிடைத்த எந்த வாய்ப்பையும் நான் நழுவவிட்டதில்லை.

அந்தக் கார் எங்கள் கல்யாணத்துக்கு மூத்தது. வெளிர் பச்சை, இரண்டு கதவு, குளிர்சாதனம் கிடையாது. பழைய வண்டி என்ற பிரிவில் பதிவு செய்திருப்பதால் வருடத்தில் சில நாள்கள்தான் சாலையில் ஓட்டலாம். மீதி நாளெல்லாம் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, திறந்தவெளிக் கார்பேட்டையில் மழையில் நனைந்துகொண்டு நிற்கும். என் கணவர் தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். என்னைப் பார்த்துவிட்டுப் போனாரா என்பது எனக்கு நிச்சயமில்லை.

மூன்று வாரம் அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் ஓட்டை அடைபடாவிட்டால் சாலைக்கு அனுமதி இல்லை. சிங்கப்பூரில் சாலைக்கு லாயக்கில்லாத வண்டியை வைத்துக் கொஞ்ச இடமும் கிடையாது. நேராகக் காயலான் கடைதான். பட்டறைக்காரர்களைக் கேட்டோம். இரண்டு பேர் மூன்று மாதம் ஆகும் என்றார்கள், ஒருவர் சிரித்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் என் கணவர் மீன் குழம்பைத் தொடவில்லை. "விட்டுடலாம்மா. அதுக்கும் வயசாச்சு," என்றார். தன்னைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலுக்குக் கீழே பயமும் இருந்தது. அந்தக் கார் போய்விட்டால் அவர் காலையில் எதைப் பார்க்கக் கீழே இறங்குவார்? அடுத்த வருடம் அவருக்கும் ஓய்வு. நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தால் என் கதி என்ன?

"நான் சரி பண்றேன்," என்றேன்.

"நீயா?"

"ஏன், துருன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

தெரியும். உயர்நிலைப் பள்ளியில் முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒவ்வொரு வருடமும் மூன்று சோதனைக்குழாயில் மூன்று இரும்பு ஆணி: ஒன்று தண்ணீரில், ஒன்று காய்ந்த காற்றில், ஒன்று எண்ணெய்க்கு அடியில். எது துருப்பிடிக்கும், ஏன் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதனால்தான் அந்தக் காரைப் பற்றிப் பேசும்போது எனக்கு இளக்காரம். பிடோக்கில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது சபையிலேயே சொல்லியிருக்கிறேன்: "அண்ணி, உங்க தம்பிக்குக் கார்மேல பாசம் மட்டும்தான். ஒழுங்கா கழுவத் தெரியாது." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

கார்பேட்டையில் வண்டி பழுதுபார்க்கக் கூடாது என்பது விதி. வீட்டு வரவேற்பறையில் பார்க்கக் கூடாது என்று யாரும் எழுதிவைத்ததாக எனக்குத் தெரியவில்லை. அதனால் பானெட்டையும் கொப்புளம் கண்டிருந்த பின்பக்க மூடியையும் கழற்றி மேலே கொண்டுவந்தோம். மின்தூக்கியில் பானெட்டைச் சாய்த்து நிறுத்தி, நான் ஒரு மூலையில், அவர் ஒரு மூலையில், நடுவில் மூன்றாம் மாடி மலாய்க்கார அம்மா மார்க்கெட் பையோடு. அந்த அம்மா பானெட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "புது மேசையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன்.

தேக்காவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் உப்புத்தாள், பெயிண்ட் உரிக்கும் திரவம், துருவை மாற்றும் அமிலம், மெல்லிய தகடு, பள்ளம் நிரப்பும் பட்டி எல்லாம் வாங்கினேன். கடைக்காரத் தம்பி ஒவ்வொன்றாக எடுத்துவைத்துவிட்டு, "ஆன்ட்டி, இதெல்லாம் யாருக்கு?" என்றார்.

"எனக்குத்தான்."

"கஷ்டம் லா ஆன்ட்டி. அங்கிளை விட்டுச் செய்யச் சொல்லுங்க."

"அங்கிள் செஞ்சுதான் இந்த லட்சணம்," என்றேன். அதையும் சொல்லாமல் விடவில்லை, பாருங்கள்.

சாப்பாட்டு மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்துப் பானெட்டைக் கிடத்தினேன். பெயிண்ட் முழுக்கக் கொப்புளம், அம்மை போட்டது போல. ஒரு வியாழக்கிழமை மாலை அவர் தேவாலயப் பாடகர் குழுவின் ஒத்திகைக்குப் போயிருந்தார். நான் கையுறை, முகமூடி, பள்ளிக்கூடத்துப் பழைய கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு பெயிண்டை உரிக்க ஆரம்பித்தேன். ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தும் வீடு முழுக்க நாற்றம். ஓரங்களில் துரு குறைவு. உப்புத்தாளால் நான்கு இழுப்பு இழுத்ததும் வெள்ளித் தகடு வந்துவிட்டது. எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. மழைத் தண்ணீர் தேங்குவது ஓரத்தில்தான், சேறு அடிப்பதும் ஓரத்தில்தான். நியாயப்படி ஓரம்தான் அழுகியிருக்க வேண்டும்.

நடுவுக்கு வந்தேன். பெயிண்டும் பழைய துருவும் பொடிப்பொடியாக உதிர்ந்தன. தூசியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

பானெட் பட்டை போட்டிருந்தது. படுக்கைவசமாக மூன்று கோடு, சரியாக என் மூன்று விரல் அகலத்தில். நடுக்கோட்டின் மையத்தில் ஒரு வட்டம். அந்த வட்டத்தில்தான் அதிகாரியின் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போயிருந்தது. சந்தேகத்துக்குப் பின்பக்க மூடியையும் உரித்தேன். அங்கே ஒரு வட்டம் மட்டும். நான் அங்கே ஒரு பொட்டுதான் வைப்பேன்.

கல்யாணமான வருடத்திலிருந்து ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் பன்னீரில் சந்தனம் குழைத்து, அந்தக் காருக்கு மூன்று பட்டை இழுத்து, நடுவில் ஈரக் குங்குமம் அப்பியிருக்கிறேன். அது அடுத்த ஆயுத பூஜைவரை அங்கேயே இருக்கும்; இந்த வருடம்தான் சோதனைக்காக முன்பே சுரண்டியிருந்தேன். காய்ந்து கல்லானதை ஒரு நாணயத்தின் விளிம்பால் சுரண்டிவிட்டு அதே இடத்தில் புதிதாக வைப்பேன். சுரண்டியது பெயிண்டையும் சேர்த்து. பிறகு மழை பெய்ததும் சந்தனம் ஊறி, ஈரத் துணி மாதிரி தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர், காற்று, கீறல் விழுந்த இரும்பு. என் மாணவர்கள் யாராவது பார்த்திருந்தால் என் மதிப்பெண்ணைச் சொல்லியிருப்பார்கள். புத்தாண்டுத் திருப்பலி முடிந்து பாதிரியார் அதன்மேல் தெளிக்கும் புனித நீர்கூட ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். என் சாமிதான் பன்னிரண்டு மாதமும் குடியிருந்திருக்கிறது.

நல்லவளாக இருந்திருந்தால் அவர் வரும்வரை காத்திருந்து ஒப்புக்கொண்டிருப்பேன். நான் பட்டி டப்பாவைத் திறந்தேன். அவசர அவசரமாக அந்தக் கோடுகளின்மேல் அப்பிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. ஒத்திகை சீக்கிரம் முடிந்துவிட்டதாம்.

அவர் மேசையருகே வந்து நின்றார். இரண்டு பட்டை மறைந்திருந்தது, மூன்றாவது பளிச்சென்று தெரிந்தது.

"துருவை எடுக்காம மேல பட்டி போட்டா நிக்காதும்மா," என்றார்.

"இது என்னன்னு தெரியுதா?"

"தெரியுமே."

"எப்பலேருந்து?"

"ரொம்ப நாளா."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல? துடைச்சிருக்கலாம்ல?" என் குரல் உயர்ந்தது. தப்பு என்மேல் இருக்கும்போது என் குரல் எப்போதும் சற்று உயரம்தான்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினார். "ஒரு தடவ தொடச்சேனே," என்றார். "ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் வந்தது. கல்யாணமாகி ஐந்தாறு வருடம் இருக்கும். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அவர் கீழே வாளியும் பஞ்சுமாக நின்று பொட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நான்காம் மாடித் தாழ்வாரத்திலிருந்து, புளோக் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்: "உங்க கோயிலுக்கு வந்து நான் சிலுவையைத் துடைக்கிறேனா? என் சாமின்னா உங்களுக்கு அழுக்கா?" கலப்புக் கல்யாணத்தில் இரு வீட்டாரும் எங்களை முறைத்துக்கொண்டிருந்த காலம் அது, எல்லாமே எனக்கு அவமானமாகத் தெரிந்தது. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அப்புறம் அவர் அந்தப் பொட்டைத் தொட்டதே இல்லை. காரைக் கழுவும்போது பொட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி வளைத்துத் துடைப்பார், ரவுண்டானாவில் வண்டி போவது மாதிரி. அதைத்தான் சோம்பேறித்தனம் என்று நான் பிடோக்வரை போய்ச் சொல்லியிருக்கிறேன்.

"கொப்புளம் வந்தது தெரியும்," என்றார். "உன்கிட்ட சொன்னா மறுபடியும் சாமியைச் சொல்றேன்னு நெனைப்ப. சரி, தகடுதானேன்னு விட்டுட்டேன்."

தகடுதானாம். பிள்ளைகூட இல்லாத எங்கள் வீட்டில் அவர் ஆசையாக வைத்திருந்த ஒரே பொருள் அது. முகமூடிக்குள் அழுதால் கண்ணாடி ஆவி படிந்து மங்கிவிடும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

பட்டியை வழித்தெறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். அழுகியதைக் கத்தரியால் வெட்டினேன். அடியில் புதுத் தகடு வைத்து ஒட்டினார். அமிலம், பட்டி, உப்புத்தாள், மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள். பத்து நாள் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், சோற்றில் பெயிண்ட் வாசம் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்குப் போன் செய்து, துரு என்னால்தான் என்று சொன்னேன். "அது எங்களுக்கு அப்பவே தெரியும்," என்றார். குடும்பமே அழுத்தமானது.

இரண்டாம் சோதனையில் அதே அதிகாரி, அதே ஸ்க்ரூடிரைவர். டங் என்றது. பச்சைதான் ஒத்துவரவில்லை, பானெட் மட்டும் கொஞ்சம் வெண்டைக்காய் நிறத்தில் இருக்கிறது. அதற்கு விதி எதுவும் இல்லை. என் கணவர் காரை ஓட்டிக்கொண்டு வெளியே வரும்போது வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார்.

அந்த வருட ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை நான் எடுக்கவில்லை. அவரே கீழே கொண்டுவந்து, "என்ன, வைக்கலையா?" என்றார். கண்ணாடியில் வைக்கலாமா என்று கேட்டேன், கண்ணாடி துருப்பிடிக்காது. "ரோடு தெரிய வேணாமா?" என்றார். பானெட்டிலேயே வைத்தேன், மூன்று பட்டை, நடுவில் குங்குமம்.

மறுநாள் காலை வாளியோடு நானே இறங்கினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். ஈரத் துணியை அவரிடம் நீட்டினேன்.

"நீங்க தொடைங்க."

அவர் நான்காம் மாடியை அண்ணாந்து பார்த்தார். "மேலேருந்து யாரும் கத்த மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

அவர் துடைக்க ஆரம்பித்தார். பழக்கதோஷம், கை பொட்டைத் தொடாமல் அதைச் சுற்றியே வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பிடித்து நடுவுக்கு இழுத்தேன்.