உள்ளங்காலில் ஒரு சுண்டு

நாரின் நகரத்துக் குறைமாதப் பிள்ளைகள் வார்டில் முப்பது வருஷமாக நர்ஸாக இருக்கும் பூருல்சாவுக்கு இந்த உலகத்தின் மேல் ஒரே ஒரு குறைதான். மூச்சு விடுவதை எல்லாரும் தானாக நடக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிடரிக்கு மேலே, மூளையின் அடித்தண்டில் ஒரு காவல்காரன் கண் மூடாமல் உட்கார்ந்திருப்பதால்தான் நாம் குறட்டை விட்டுத் தூங்குகிறோம் என்பாள். ரத்தத்தில் கெட்ட காற்று சேர்ந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். நரம்பு வழியே நெஞ்சுக்கு ஆணை போய்விடும்.

மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காவல்காரனும் பச்சைப்பிள்ளை. நடுவில் அசந்துவிடுவான், மூச்சு நின்றுவிடும். உள்ளங்காலில் பூருல்சா ஒரு சுண்டு சுண்டுவாள். பிள்ளை திடுக்கிட்டு மூச்சை இழுக்கும். பாசத்தில் யாராவது சுண்ட முடியாதபடி காலைப் பொதிந்து கட்டினால் அவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அட்பாஷி ஊரில் குதிரை மேய்க்கும் குபாத்தின் மகள் ஏழு மாதத்தில் பிறந்தவள். பிறந்ததுமே இங்கே தூக்கி வந்துவிட்டார்கள். வயிற்றுத் தையல் பழுத்துப்போன அவன் மனைவி சோல்பொன், மலைக்கணவாய்க்கு அந்தப் பக்கம் ஊரிலேயே படுக்கையில் கிடந்தாள். மகள் முகத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. குபாத்துதான் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, கூச்சத்தோடு பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஏழு நாள் சேர்ந்தாற்போல் மூச்சு நிற்காமல் இருந்தால் வீட்டுக்கு விடுவார்கள்.

ஆறாம் நாள் எடை பார்க்கப் பிள்ளையைத் தூக்கிய பூருல்சா, பிள்ளையின் உள்ளங்கால் சிவந்திருப்பதைப் பார்த்தாள். யார் சுண்டியது என்று கேட்டாள். குபாத் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரெண்டே தடவைதான்க்கா. மூச்சு நின்னுச்சு, சுண்டினேன், எடுத்துக்கிட்டா. நாளைக்குக் கூட்டிட்டு வரேன்னு சோல்பொன்கிட்ட சொல்லிட்டேன்."

"வீட்ல நீ குதிரைக்குப் புல்லு போடப் போன நேரத்துல நின்னா யாருப்பா சுண்டுவா?"

பலகையில் நாள் கணக்காக எழுதியிருந்த ஆறு என்ற எண்ணை அவள் அழித்தாள். அழித்த கைக்கே மனசு வரவில்லை. அவ்வளவு பெரிய ஆள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். பூருல்சா பால் விட்ட தேநீரை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போனாள்.

மறுபடி ஏழு நாள் எண்ணினார்கள். கடைசி நாள் காலையில், தூங்கிய பிள்ளையைத் தொட்டிலில் விட்டு, கைகளைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு குபாத் நின்றான். சின்ன நெஞ்சு அசைவதை நிறுத்தியது. பூருல்சா விரலை மடக்கித் தயாராக வைத்துக்கொண்டு வாய்விட்டு எண்ணினாள். நான்கு, ஐந்து, ஆறு. குபாத்தின் கை பாதிவழி வந்து திரும்பிப் போனது. ஏழு. எட்டில் நெஞ்சு தானாக எழும்பியது.

இவ்வளவு சின்ன இடைவெளி எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, இதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்றாள். திரும்பிப் பார்த்தாள்.

"நீ மூச்ச விடுப்பா முதல்ல."

அவன் விட்டான். பிறகு ஜன்னலோரம் போய் மனைவிக்குப் போன் போட்டான். எப்போது வருகிறோம் என்று சொல்லத்தான் போட்டான். ஆனால் அந்தப் பேச்சு அப்புறம்தான் வந்தது.

"நான் தொடவே இல்ல, சோல்பொன். அவளேதான் எடுத்துக்கிட்டா."