மாலை போட்ட படம்

சென்ற ஆண்டு மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை. கட்டுகஸ்தோட்டையில் புதிய புடவைக் கடை ஒன்றின் திறப்பு விழா. சென்னையிலிருந்து ஒரு சின்னத்திரை நடிகை வந்திருந்தார். வத்தேகமையிலிருந்து அம்மாவை நான்தான் பஸ்ஸில் அழைத்துப் போனேன்.

அந்த நடிகையின் நாடகத்தை அம்மா ஒருநாளும் தவறவிட்டதில்லை. சினிமாவில் வாய்ப்புக் கிடைத்து அவர் விலகியதும், நாடகத்தில் அவரை விபத்தில் சாகடித்துவிட்டார்கள். அவருடைய படத்தைச் சுவரில் மாட்டி, மாலை போட்டு, விளக்கும் ஏற்றினார்கள். அன்று முதல் அம்மாவுக்கு நிம்மதி இல்லை.

“நடிப்புதானேம்மா” என்றேன்.

“எனக்குத் தெரியாதா? அழுதது நடிப்பு, செத்தது நடிப்பு. படம் அந்தப் புள்ளையோடதுதானே? உசுரோட இருக்கிறவளுக்கு மாலை போடலாமா?”

கடை வாசலில் கூட்டம் நெரித்தது. அம்மா இடித்துக்கொண்டு முன்னே போய்விட்டார். காவலுக்கு நின்றவர் அம்மாவின் கையிலிருந்த துணி முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். உள்ளே உப்பும் செத்தல் மிளகாயும்.

“மொளகாயா? யார் மேல வீசப் போறீங்க?”

“வீச இல்ல தம்பி, சுத்திப் போட. நீயும் வா, ஒனக்கும் சேத்துச் சுத்துறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். சத்தம் கேட்டுத் திரும்பிய நடிகை என்னவென்று விசாரித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தடுப்புக் கயிற்றைத் தாண்டி வந்து அம்மாவின் முன்னால் நின்றார்.

“அந்தப் படத்தைப் பாத்தப்ப எனக்கும் ஒரு மாதிரிதாம்மா இருந்துச்சு. சொன்னா சிரிப்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல.”

அம்மா அவரைக் கிழக்கே பார்க்க நிறுத்தி, முடிச்சை அவர் தலையைச் சுற்றி எடுத்தார். “துப்பும்மா” என்றதும், அத்தனை கைத்தொலைபேசிகளும் படம் பிடித்துக்கொண்டிருக்க, உதட்டுச் சாயம் கலையத் துப்பினார். பிறகு குனிந்து அம்மாவின் தோளில் சற்று நேரம் நெற்றியை வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மா முடிச்சை அடுப்பில் கொட்டினார். “பாத்தியா, நெடியே வரல. அம்புட்டுக் கண்ணு அந்தப் புள்ள மேல. இனி ஒன்னும் ஆகாது.”

எனக்குத் தொண்டைவரை இருமல் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

திரையில் மட்டுமே தெரிந்த ஒரு பெண் நன்றாக இருக்கவேண்டும் என்று பஸ் ஏறிப் போன அம்மாவையும், அத்தனை பேர் நடுவே அதை வாங்கிக்கொண்ட அந்தப் பெண்ணையும் நினைக்கும்போது, அந்த இருமலை நான் அடக்கியது சரிதான் என்றே இன்றும் தோன்றுகிறது.