பன்னிரண்டு கட்டுக் கீழாநெல்லி

சாக்குக்கார அக்காவுக்கு நான் பன்னிரண்டு கட்டுக் கீழாநெல்லிக்குக் காசு பாக்கி. பதினோரு வருஷப் பாக்கி.

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஒற்றை மேசையில் தொடங்கிய என் மருந்துச் சரக்குக் கடை இன்று மூன்று மாடி. மூலிகையை எட்ட நின்று பார்த்தே பெயர் சொல்லுவேன்; படித்தவர்களே என்னிடம் கேட்டுப் போவார்கள். காமாலை என்றால் கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கொடுப்பார்கள். நீர்க்கடுப்புக்குக் கஷாயம். சொறி சிரங்குக்கு இலையை உப்பு வைத்து அரைத்துப் பூசுவதும் உண்டு.

சாக்கில் மூலிகை பறித்து வந்து கடைகளுக்கு விற்கும் அக்கா தனிக்கட்டை. வாய்க்கால் ஓரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் குனிந்து குனிந்தே அவர் ஆயுசு போனது. செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, ஈரம் வடிய வேர் மேலே இருக்கும்படி கட்டித் தொங்கவிடுவார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், முதல் தடவையாக எனக்குக் கீழாநெல்லி கொண்டுவந்த அன்றும் அப்படித்தான் பன்னிரண்டு கட்டையும் என் கடைக் கொக்கியில் மாட்டினார். கடை நிறையக் கூட்டம். கீழாநெல்லிக்குக் காய் இலைக்கு அடியில் வரிசையாக இருக்கும், பெயரே அதனால்தான். இதிலோ காய் இலைக்கு மேலே நின்றது.

"ஏதோ களையப் புடுங்கிட்டு வந்துட்டியேக்கா. காய் மேல இருக்கு பாரு" என்றேன். கூட்டம் சிரித்தது.

"கட்டைத் திருப்பிப் பாருங்க, தம்பி."

நான் திருப்பவில்லை. காசும் கொடுக்கவில்லை. வெறும் சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனவர், அப்புறம் வரவேயில்லை.

சாயங்காலம் குப்பையில் போடலாம் என்று கட்டை இறக்கினேன். கையில் கட்டு புரண்டு வேர் கீழே வந்தது; காய் இலைக்கு அடியில் போய்விட்டது. அசல் கீழாநெல்லி. நல்ல விலைக்கு விற்றேன். போய்ச் சொல்லத்தான் வாய் வரவில்லை. நானாவது, தப்பாவது!

பிறகு மனைவி போய்ச் சேர்ந்தாள். மகள் மாதம் ஒருமுறை போனில் சாப்பிட்டீர்களா என்று கேட்பதோடு சரி. கடையைப் பூட்டிவிட்டு ஏறினால் மூன்று மாடியிலும் என் செருப்புச் சத்தம்தான். கூடவே அந்தக் குரல், திருப்பிப் பாருங்க என்று.

போன மாதம் தேடிப் போனேன். அச்சகத்தை ஒட்டி ஒரு அறை. ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். அக்காவுக்குக் கண் மங்கி வேலை நின்றுபோயிருந்தது. என் குரலை வைத்தே கண்டுபிடித்தார்.

"திருப்பிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்க்கா."

"எப்போ?"

"அன்னிக்கே."

நான் கொண்டுபோன நோட்டுக்கட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்றைய விலையே போதுமாம்.

"ஆனா சத்தமா எண்ணுங்க, தம்பி. என்னான்னு சொல்லி எண்ணுங்க. அச்சகத்துல இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்."

கையை விரித்து நீட்டினார். விரல் நுனியெல்லாம் பழைய பச்சைக் கறை போகாமல் கறுத்திருந்தது.

"கீழாநெல்லி ஒண்ணு" என்று முதல் நோட்டை வைத்தேன். அச்சகத்திலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. பன்னிரண்டு வரைக்கும் குரலை இறக்காமல் எண்ணி வைத்தேன்.