சேலையூர் ஏரியில் இன்னொரு ரவுண்டு

தாம்பரத்திலிருந்து வருகிறோம் என்று சொன்னால் அந்தக் காலத்தில் பட்டணத்து பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்காருவார். காசநோய் ஆஸ்பத்திரி எங்கள் பக்கம் இருந்ததுதான் காரணம். ஊரில் உள்ள அத்தனை பேரும் இருமிக்கொண்டே திரிவதாகப் பட்டணத்தில் ஒரு நினைப்பு. என் மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. தாம்பரத்துக்கு வேறு நல்ல பெயர் வாங்கித் தராமல் விடுவதில்லை என்று அவர் முடிவு கட்டியபோது எனக்கு எட்டு வயது.

மாமா என் அம்மாவின் தம்பி. ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எலெக்ட்ரிக் ட்ரெயினில் காற்று வாங்க வருகிறவர்கள், போக இடம் தெரியாமல் பிளாட்பாரத்திலேயே டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்புவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்ததில் சேலையூர் ஏரி கரை ததும்ப நின்றது. பக்கிங்ஹாம் கால்வாயில் உப்பு மூட்டை ஏற்றி ஓய்ந்துபோன படகு ஒன்றை லாரியில் போட்டுக் கொண்டுவந்தார் மாமா. படகோடு அதை ஓட்டுகிறவரும் வந்து சேர்ந்தார். துடுப்பெல்லாம் கிடையாது, நீளமான கழியை அடியில் ஊன்றித் தள்ளுவதுதான். கரையோரத்தில் பிள்ளைகள் மிதப்பதற்கு லாரி டியூப்கள் நாலு, கயிற்றில் கட்டிக் கிடந்தன. ‘உல்லாசப் படகுச் சவாரி’ என்று மாமாவே ஒரு போர்டு எழுதி ஆலமரத்தில் அடித்தார். ஞாயிறு ஆராதனையும் மத்தியானச் சாப்பாடும் முடிந்த பிறகுதான் படகு தண்ணீரில் இறங்கும் என்று எங்கள் சபைப் போதகரிடம் வாக்கும் கொடுத்திருந்தார்.

கூட்டம் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வந்தவர்கள் யாரும் இருமவில்லை. மாமாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

எங்கள் வீட்டில் சித்தியும் இருந்தாள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் தங்கை. பக்கத்து ஆரம்பப் பள்ளியில் டீச்சர். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் சித்தி வலது காலைக் கொஞ்சம் விந்திதான் நடப்பாள். எனக்கு அது ஒரு விஷயமாகவே தெரிந்ததில்லை. ஒருவர் கண்ணாடி போட்டிருப்பார், ஒருவர் மூக்குப்பொடி போடுவார், சித்தி அப்படி நடப்பாள். கடைக்குப் போகும்போது சித்தியோடு போவதுதான் எனக்குப் பிடிக்கும். என்னை இழுத்துக்கொண்டு ஓடாத ஒரே பெரியவள் அவள்தான்.

அந்த வருஷத்தில் இரண்டு தடவை சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். இரண்டு தடவையும் சித்தி சமையலறையிலிருந்து காபித் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். வந்தவர்கள் முதலில் தட்டைப் பார்த்தார்கள், அப்புறம் கீழே பார்த்தார்கள், அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேக் மட்டும் மிச்சமில்லாமல் போயிற்று. ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று கிளம்பினார்கள். தபால்காரர் மேல் எனக்குக் கோபமாக இருந்தது.

மூன்றாவதாகப் புரசைவாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பாரிமுனையில் ஒரு பாங்கில் வேலை செய்தார். வீட்டில் அவரும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். இந்தத் தடவை மாமா வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். ஏரிக்கு வரட்டும், படகில் ஒரு சுற்றுப் போய்க்கொண்டே சாவகாசமாகப் பேசலாம், இதெல்லாம் இப்போது பட்டணத்தில் நாகரிகம் என்றார். எங்கள் மாமாவுக்கு எவ்வளவு விவரம் என்று நான் பெருமைப்பட்டேன்.

சித்தி மட்டும் தலையைப் பின்னிக்கொண்டே கேட்டாள். “படகுல எவ்ளோ நேரம்ணா உட்கார்ந்துட்டிருக்க முடியும்?”

“அவங்க போற வரைக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் நான் பார்த்துக்கறேன். முதல்ல உன் மூஞ்சியப் பார்க்கட்டும், நீ பேசறதக் கேட்கட்டும். ஒரு தடவையாவது அது முதல்ல நடக்கட்டும்.”

சித்தி பின்னலை அவிழ்த்துத் திரும்பவும் பின்ன ஆரம்பித்தாள். அம்மா அடுப்பங்கரைக்குப் போய் மூக்கைச் சிந்தினாள். எனக்கும் படகில் இடம் உண்டு என்று தெரிந்ததால் இதற்கெல்லாம் நான் காது கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே சித்தியையும் என்னையும் படகில் ஏற்றி உட்காரவைத்தார் மாமா. இறங்கவே கூடாது என்பது உத்தரவு. சித்தி வெளிர்பச்சைப் புடவை கட்டியிருந்தாள். அவள் காலுக்கு முன்னால் முறுக்கும் கேக்கும் வைத்த பெரிய கூடையை நகர்த்தி வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். திரும்ப வந்து இன்னும் நாலு விரற்கடை நகர்த்தினார். கேக்கை என்னிடமிருந்து காப்பாற்றத்தான் இத்தனை ஏற்பாடு என்று எனக்கு வருத்தம்.

ட்ரெயின் தாமதம். ஒரு மணி நேரம் அசையாத படகில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. கேட்டால் மாமா இறங்கக் கூடாது என்றார். கடைசியில் படகுக்காரர்தான் இரக்கப்பட்டார். “இன்னா சார், கொயந்த நெளிஞ்சிகினு கீது. அத்த மட்டும் இட்டாந்து உட்டுர்றேன்” என்று என்னைத் தூக்கிக்கொண்டு போய், திரும்பக் கொண்டுவந்து வைத்தார்.

ஜட்காவில் அவர்கள் வந்து இறங்கினார்கள். பையன் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, கையில் குடையோடு இருந்தார். அவருடைய அம்மா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கரையில் நின்று “குட் ஈவினிங்” என்று அவர் சொன்னது அக்கரைக்குக் கேட்டிருக்கும். சித்தி உட்கார்ந்தபடியே வணக்கம் சொன்னாள். எழுந்தால் படகு ஆடும் என்று மாமா அவசரமாக விளக்கம் சொன்னார்.

அவர்களும் மாமாவும் ஏறிப் படகு நகர்ந்ததும் பையன் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது.

“பலகைய அந்தப் புடி புடிச்சிகினு கீறீங்களே சார், அது எங்க ஓடப்போவுது?” என்றார் படகுக்காரர்.

“பயப்படாதீங்க” என்றாள் சித்தி. “இந்த ஏரியில விழுந்தா முழுகல்லாம் முடியாது. எழுந்து நிக்க வேண்டியதுதான். இடுப்பு வரைக்கும்தான் வரும்.”

அவர் அசடு வழியச் சிரித்தார். சித்தியும் சிரித்துவிட்டாள். அப்புறம் முக்குளிப்பான் பறவை ஒன்றைக் காட்டினாள். அது தண்ணீரில் முழுகி எங்கே எழுந்திருக்கும் என்று இரண்டு பேரும் ஆளுக்கோர் இடத்தைக் காட்டினார்கள். அது இரண்டு இடத்திலும் எழுந்திருக்கவில்லை. அவர் பலகையிலிருந்து ஒரு கையை எடுத்தார், பிறகு இன்னொரு கையையும் எடுத்தார். அவருடைய அம்மா சித்தியிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தார். வாய்ப்பாடு சொல்லாத பிள்ளைகளை என்ன செய்வாய் என்று கேட்டார். அடிக்க மாட்டேன், என்கூட உட்காரவைத்துச் சேர்ந்து சொல்லுவேன் என்றாள் சித்தி. “நான் அடிச்சிருக்கேம்மா. இப்போ நெனச்சா வருத்தமா இருக்கு” என்றார் அந்த அம்மாள். சித்தி அவ்வளவு சரளமாகப் பேசி, வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று அவள் அழகாக இருந்தாள். எனக்கே அது தெரிந்தது. மாமா ஏரியைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு சுற்று முடிந்து படகு கரையில் தட்டியது. பையன் முதலில் இறங்கினார். மாமா இறங்கி அந்த அம்மாளுக்குக் கை கொடுத்தார். அந்த அம்மாள் கரையில் நின்றபடி சித்தியின் பக்கம் கையை நீட்டினார். “நீயும் வாம்மா. வண்டி வரைக்கும் பேசிக்கிட்டே போகலாம்.”

“அவ இறங்கலைங்க” என்றார் மாமா. “குழந்த இன்னொரு ரவுண்டு கேட்டா. கூட்டிட்டுப் போறேன்னு அவ சொல்லிட்டா.”

நான் கேட்கவே இல்லை. ஆனாலும் கேட்காமலே கிடைக்கிறதென்றால் யார் வேண்டாம் என்பார்கள்? நான் கை தட்டினேன். இந்தத் தடவை ஏரி நடுவில் இருந்த மேட்டில் இறங்கி நாரைக் கூடு பார்க்கலாம் என்று படகுக்காரரிடம் பேசக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

அந்த அம்மாள் நீட்டியிருந்த கையைச் சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள். “இல்லண்ணா, போதும்” என்றாள். “நான் இறங்கறேன்.”

“குழந்த ஆசைப்படுதும்மா” என்றார் மாமா. அவர் குரல் கெஞ்சியது.

சித்தி கூடையை நகர்த்தினாள். எழுந்து நின்றாள். “கழிய புடிச்சிக்கோக்கா” என்று படகுக்காரர் கழியைக் குறுக்கே நீட்ட, அதைப் பற்றிக்கொண்டு இறங்கினாள். புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கரை மேட்டில் ஏறி, ஜட்கா நின்ற இடம் வரைக்கும் நடந்தாள். அவசரப்படவில்லை. யார் கையையும் பிடிக்கவில்லை. எப்போதும் நடப்பதுபோலவே நடந்தாள். வண்டியருகில் போய்த் திரும்பி நின்று, “வாங்கம்மா. இங்க தான் வண்டி நிக்குது” என்றாள்.

பையன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெகு நேரம் துடைத்தார். அவருடைய அம்மா சித்தியைப் பார்க்கவில்லை, மாமாவைத்தான் பார்த்தார். “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு இதெல்லாம் எங்கே கண்ணில் பட்டது? கையில் கிடைத்த இன்னொரு ரவுண்டு பறிபோன ஆத்திரத்தில் நான் படகிலேயே உட்கார்ந்து ஊர் கூடும்படி அழுதுகொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து இந்தத் தடவை கடிதம் நிஜமாகவே வந்தது. பெண் மேல் ஒரு குறையும் இல்லை என்றும், ஆனால் மறைத்துப் பேசும் இடத்தில் சம்பந்தம் வைக்க மனம் ஒப்பவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். சொல்லியிருந்தால் ஏரி வரைக்கும் வந்திருப்பார்களா என்பது வேறு விஷயம். மாமா அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாள் கணக்கில் திரிந்தார். என் மாமா பொய்யர் இல்லை. தங்கை மேல் வைத்த பாசத்தில் புத்தி கொஞ்சம் தடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். நாலைந்து வருஷம் கழித்துச் சித்தியை அவள் பள்ளிக்கூடத்திலேயே வேலை செய்த ஒருவர் கட்டிக்கொண்டார். தினமும் மைதானத்தில் அவள் நடப்பதைப் பார்த்தவர். அவர்கள் வீட்டில் சிரிப்புச் சத்தத்துக்குக் குறைவே இருந்ததில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் அதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஜட்கா கிளம்பிப் போனது. மாமா ஆலமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். சித்தி கரையிறங்கித் திரும்பவும் படகுக்கு வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எல்லாம் உன்னால்தான் என்றேன். மாமாவே போகச் சொன்ன பிறகு நீ ஏன் இறங்கினாய் என்று அவள் கையைத் தட்டிவிட்டேன். சித்தி என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். கூடையிலிருந்து கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

“ரொம்ப நேரம் உட்கார்ந்து எனக்குக் கால் மரத்துப் போச்சுடி” என்றாள். “அதான் இறங்கிட்டேன். அழாத கண்ணு. சித்தி பண்ணது தப்புதான்.”

அவள் கண்கள் சிவந்திருந்தன. ஏரிக் காற்று என்று நினைத்தேன். கேக்கும் நன்றாக இருந்தது. சித்தியே தப்பை ஒப்புக்கொண்டுவிட்டதால், நானும் பெரிய மனது பண்ணி அவளை மன்னித்துவிட்டேன்.