ஆட்டு மணியும் வெள்ளைக் கூடாரமும்

பின்னேரம் நாலே முக்காலுக்கு நனைந்த கம்பளியின் வாசம் வந்தது. நேரம் நினைவிருக்கக் காரணம், அப்போதுதான் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மணி நாலே முக்கால், வெளிச்சம் இருக்கையிலேயே ஓடையில தண்ணி மொண்டுக்கிட்டு வந்துர்றேன்" என்று வாளியோடு இறங்கிப் போயிருந்தார். மழை இல்லை, ஆனாலும் என் தோளில் கிடந்த கறுப்புக் கம்பளி ஆட்டுப்பட்டியைப் போல மணத்தது. தேயிலை மலையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பனிமூட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரியுமுன் கம்பளிக்குத் தெரிந்துவிடும். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வெள்ளைக் கூடாரத்தைக் காணவில்லை. அதன் வாசலில் உட்கார்ந்திருந்த நான்கு வயதுத் தம்பியையும் காணவில்லை.

போன வாரம் என் மகனைப் பள்ளிக்கூட முகாமுக்கு அனுப்பச் சாமான் வாங்கப் போனேன். கடைக்காரர் சாம்பல் நிறக் கூடாரம் ஒன்றை விரித்து, தண்ணீர் புகாது, காற்றுக்கு அசையாது என்று அதன் பெருமைகளைச் சொல்லிக்கொண்டே போனார். நான் கேட்டது ஒன்றுதான்: "மூட்டத்துல இது தெரியுமா?" மகன் தலையில் அடித்துக்கொண்டான். "அம்மா, நாங்க போறது குருநாகலுக்கு. அங்க ஏதும்மா மூட்டம்?" அவன் சொல்வது சரிதான். ஆனாலும் அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

எங்கள் தோட்டம் கந்தப்பளைக்கு மேலே இருந்தது. அப்பா தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார்; அம்மா கொழுந்தெடுப்பவர். எனக்கு ஒன்பது வயதான அந்த ஏப்ரல் விடுமுறையில், துரையின் பிள்ளைகள் பங்களாப் புல்வெளியில் வெள்ளைக் கூடாரம் அடித்துப் படுத்தார்கள். ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய லயத்தில் இருந்தவர்களெல்லாம் ஏதோ வேலை இருப்பதுபோல அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். "அத்தன பெரிய பங்களாவ விட்டுட்டு வெளிய படுக்குதுங்களே, வீட்டுல சண்டையா?" என்று அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "ஒழுகுற காம்பராவுல வேற வழியில்லாம படுக்கிறது வேற, ஆசப்பட்டு வெளிய படுக்கிறது வேற. நம்ம புள்ளைகளும் ஒரு ராத்திரி ஆசைக்குப் படுக்கட்டும்" என்றார்.

அதன்பின் எங்கள் காம்பராவில் ஒரு வாரம் இதே பேச்சு. கோதுமை மாவு வந்த வெள்ளைச் சாக்குகளைப் பிரித்து, அப்பா தாமே கூடாரம் தைத்தார். சாயம் போட்டுத் தருவதாக அம்மா சொன்னதற்கு, "வெள்ளைன்னாதான் தூரத்துல இருந்தும் தெரியும்" என்றார். அட்டைக்கடிக்கு உப்புப் பொட்டலம், லாந்தர், ரொட்டி, சம்பல், ஆளுக்கொரு கம்பளி இவற்றில் இருவருக்கும் சண்டையில்லை. அம்மா எடுத்துவைத்த வேறு இரண்டு சாமான்களில்தான் சண்டை வந்தது. ஒன்று அவருடைய கொழுந்துக் கூடை: "சின்னவனுக்குக் கால் வலிச்சா இதுல உக்கார வச்சுத் தூக்கிட்டு வாங்க." மற்றது எங்கள் ஆட்டின் கழுத்து மணி: "இத அவன் கால்ல கட்டுங்க. அவன் ஒரு எடத்துல நிக்கிறவனா?"

"ஏ புள்ள, நாங்க என்ன மேச்சலுக்கா போறோம்? தொரை புள்ள கால்ல மணியா கட்டியிருந்துச்சு?" என்று அப்பா இரண்டையும் ஒதுக்கி வைத்தார்.

தம்பி தனக்கென்று தேர்ந்தெடுத்தது ஒரே ஒரு சாமான்: அவனுடைய டின் கோப்பை. அதில்லாமல் அவன் எங்கும் போகமாட்டான். விடியலில் தப்புப் பறை அடித்ததும் ஆட்கள் "பெரட்டு"க்குப் போய் நின்று பெயர் கொடுத்து வேலை வாங்குவார்கள். பிந்தி வந்தால் "அரைப்பேர்", அதாவது பாதி நாள் சம்பளம். தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் போகும் வழியில் "பிள்ளைக்காம்பரா"வில் விட்டுப் போவார்கள். அங்கே பால் கொடுப்பார்கள். அதனால் தப்புச் சத்தம் கேட்டால், அம்மா கொண்டை முடியுமுன் தம்பி கோப்பையோடு பாதையில் இறங்கியிருப்பான்.

அப்பாவும் நானும் தம்பியும் லயத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஒரு மணி நேரம் ஏறிப் புல்மலையின் விளிம்பில் கூடாரம் அடித்தோம். ஒரு பக்கம் காடு. மறுபக்கம், விறகுக்குப் போன ஒருவர் விழுந்து இறந்த பள்ளம்.

மூட்டத்துக்குள் வெள்ளைக் கூடாரம் கரைந்துபோனதைப் போலவே, கம்பளி போர்த்திய தம்பியும் மறைந்துபோனான். கறுப்பாகத் தெரிந்த ஒவ்வொன்றையும் அவன்தான் என்று ஓடித் தொட்டேன். ஒன்று பாறை, ஒன்று புதர். என் அலறலைக் கேட்டு வந்த அப்பா, கூடாரத்தைத் தடவிக் கண்டுபிடித்து என் கையை அதன் கம்பத்தில் வைத்தார். "இத விட்டுறாத தாயி. ஒன்னையும் தொலைச்சுட்டு நான் எந்த மூஞ்சியோட ஒங்கம்மாகிட்ட போவேன்?" என்றார். பிறகு அங்குமிங்கும் ஓடி ஓடிக் கூப்பிட்டார். அவர் குரல் ஒருமுறை காட்டுப் பக்கமிருந்தும் மறுமுறை பள்ளத்துப் பக்கமிருந்தும் வந்தது. அதைக் கேட்டுத் தம்பி எந்தப் பக்கம் நடப்பான் என்ற பயம் எனக்கு அப்போதே வந்தது.

வெகுநேரம் கழித்துக் கீழே தப்பு அடிப்பது கேட்டது. பின்னேரத்தில் எங்கள் தோட்டத்தில் தப்பு அடித்தால் அது சாவுக்குத்தான். திரும்பி வந்த அப்பா அப்படியே ஈரப்புல்லில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டவர், "இது சாவு அடி இல்லையே. பெரட்டு அடியத்தான அடிக்கிறான்? இந்நேரத்துல யாருக்குப் பெரட்டு?" என்றார். என்னை விட்டுக் கீழே போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல், கம்பத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

அந்தத் தோட்டத்தில் இன்று தப்பு அடிப்பதில்லை; பெரட்டுக்குச் சங்கு ஊதுகிறது. புல்மலை முழுவதும் பைன் மரம் நட்டுவிட்டார்கள். ஆனால் தம்பியின் கோப்பை என்னிடம் இருக்கிறது. மகனின் பையில் அதை வைக்கலாமா என்று நேற்றுவரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

நன்றாக இருட்டிய பிறகு, முதலில் மணிச் சத்தம்தான் வந்தது. "ஆடு எப்படி இங்க வந்துச்சு?" என்று அப்பா எழுந்தார். மூட்டத்துக்குள் லாந்தர் வெளிச்சம் ஒன்று மஞ்சளாக அசைந்து, பிறகு அம்மாவாக மாறியது. நெற்றியில் கூடையின் கயிறு. முதுகில் கொழுந்துக் கூடை. கூடைக்குள்ளிருந்து அம்மாவின் தலைக்கு மேலாகத் தம்பியின் முகம். அவன் கால் அசையும்போதெல்லாம் கூடைக்குள் மணி அடித்தது.

அப்பா கூடையோடு சேர்த்து அவனைக் கட்டிக்கொண்டார். அம்மா கூடையின் கயிற்றை நெற்றியிலிருந்து கழற்றினார்.

"மூட்டம் எறங்குறதப் பாத்து நாந்தான் தப்ப அடிக்கச் சொன்னேன், சத்தத்தப் புடிச்சுக்கிட்டாவது எறங்கி வருவீங்கன்னு. இவன் ஒருத்தன்தான் வந்தான். புள்ளக்காம்பரா வாசல்ல கோப்பைய வச்சுக்கிட்டு, பால் இன்னும் வரலன்னு அழுதுக்கிட்டு நின்னான்."

மூச்சு வாங்கிக்கொண்டு, எங்கள் இருவரையும் லாந்தரைத் தூக்கி ஒருமுறை பார்த்தார்.

"பெரட்டுக்கு வராத ரெண்டு பேருக்கும் இன்னிக்கு அரைப்பேருதான்."