வடிவான தண்ணீர்

எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. கணினி ஒரு காட்சியைத் தீட்டி முடிப்பதற்குள் நாலு தரம் எழும்பி யன்னலடிக்குப் போய் வருவேன். அரியாலையில் நானும் நண்பனும் வாடகைக்கு எடுத்த அறையில் என் கதிரையின் சில்லுகள்தான் முதலில் தேய்ந்தன. அவன் அசையாமல் இருந்து வேலை செய்வான். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

நாங்கள் செய்தது ஒரு வீடியோ கேம். தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியில், தடி நட்டுக் கட்டிய வலைகளில் சிக்காமல் வள்ளத்தைக் கரை சேர்க்க வேண்டும். விளையாட்டின் நிரல் எழுதுவது அவன் பொறுப்பு, படங்கள் என் பொறுப்பு. முதல் மாதம் வள்ளம் வெறும் பழுப்புப் பெட்டி, தண்ணீர் ஒரு நீலத் தாள். ஆனால் அவன் எழுதிய நீரோட்டம் பெட்டியைப் பக்கவாட்டில் இழுக்கும். அசந்தால் வலைக்குள் தள்ளிவிடும். சாப்பாட்டுப் பார்சலைக்கூடப் பிரிக்காமல், "இன்னும் ஒருக்கா" என்று ஆளுக்காள் போட்டிபோட்டு விளையாடினோம்.

அவனுக்குக் கொழும்பிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. வட்டுக்கோட்டையில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு எங்கள் கேமையும் கொண்டுபோவதாக இருந்தோம்.

"சனம் இரண்டாந்தரம் கேட்டு விளையாடினால் நிக்கிறன். இல்லையெண்டால் போறன், மச்சான்" என்றான்.

அவன் போனால் இந்த வேலையே முடிந்தது என்று எனக்குத் தெரியும். பயந்துபோனேன்.

மனைவியின் பிள்ளைப்பேற்றுக்காக அவன் மூன்று வாரம் குருநகரில் நிற்க வேண்டியிருந்தது. போகுமுன் என் திரையில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டினான்: "தண்ணியை வடிவாச் செய்."

எங்கள் ஊரில் வடிவு என்றால் அழகு. வடிவாய் என்றால் ஒழுங்காய், கவனமாய் என்றும் பொருள். மணப்பெண்ணும் வடிவாய் இருப்பாள், கதவையும் வடிவாய்ப் பூட்ட வேண்டும். பேசப் பழகிய நாளிலிருந்து தெரிந்த சொல்தான். ஆனால் படம் வரைகிறவன் காதில் அது ஒரு பக்கமாகத்தான் விழுந்தது.

வெயில் மினுக்கம், முகில் நிழல், கரையோர நுரை என்று போட்டுக்கொண்டே போனேன். கணினி திணறியது. வள்ளம் விக்கி விக்கி நகர்ந்தது. நீரோட்டத்தை நிறுத்திப் பார்த்தேன், வள்ளம் வழுக்கிக்கொண்டு போனது. அப்படியே விட்டுவிட்டேன். அவன் போனில் கேட்டபோது, "வடிவா வந்திருக்கு" என்றேன். பொய் சொன்னதாக எனக்குப் படவில்லை.

கண்காட்சியில் வந்தவர்கள் எல்லோரும், "நல்ல வடிவாய் இருக்கு, அண்ணை" என்று போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார்கள். ஒருதரம் வள்ளம் விட்டார்கள். அது நேராய்ப் போய்க் கரை சேர்ந்தது. எழும்பிப் பக்கத்து மேசைக்குப் போனார்கள். அங்கே திரையில் கட்டம் கட்டமாய் ஒரு பாம்பு ஊர்ந்தது, அதற்கு வரிசை வாசல்வரை நின்றது. நான் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

மத்தியானம் நண்பன் வந்து ஒருதரம் விளையாடினான்.

"நீரோட்டம் எங்கை?"

"கழட்டினனான். படம் விக்கினது."

"வடிவாச் செய் எண்டெல்லோ எழுதினனான்."

"அப்பிடித்தானே செய்தனான்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தி ஆறியிருப்பேன்.

"ஆரும் இரண்டாந்தரம் கேட்டவையோ?" என்றான்.

நான் வெளியே போய் நின்றேன்.

அடுத்த கிழமை கொழும்புக்குப் போய்விட்டான். வெட்கமும் கோபமும் என்னை இருக்க விடவில்லை. மினுக்கம், நிழல், நுரை எல்லாவற்றையும் தூக்கியெறிந்துவிட்டு, பழைய பெட்டியையும் நீலத் தாளையும் நீரோட்டத்தையும் திரும்பப் போட்டு அவனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. தேத்தண்ணி ஆறிப்போகும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அவனுடைய புது அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது: "சாப்பாட்டை விட்டிட்டு விளையாடினன். இப்பதான் தண்ணியை வடிவாச் செய்திருக்கிறாய்."

திரும்பி வா என்று எழுதத் தொடங்கி அழித்தேன். அது நான் செய்த தண்ணீர் இல்லை, முதல் மாதம் அவனே எழுதியது.