ஓடைக்கரைக்கு நான் எழுதவைத்த வருடங்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்தேன். 'நகர வளர்ச்சி' என்றொரு பாடம். புத்தகத்தைப் படித்துக் காட்டினால் பிள்ளைகள் தூங்கினார்கள். அவரவர் தெருவை அவரவரே வரையட்டும் என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு ஒரு கட்டம் போட்டு, அங்கே குடிவந்து எத்தனை வருடம் என்று கேட்டு அதற்குள் எழுத வேண்டும்.

பள்ளிக்குப் பின்னால் ஓடைக்கரையில் பன்னிரண்டு வீடுகள். மழையில்லாமல் கரிசல்காட்டு விவசாயத்தை விட்டு வந்து, தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை பார்த்தவர்கள். அந்த வரிசையை அங்கேயே குடியிருந்த ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் கொடுத்தேன். எல்லா வீட்டுக்கும் 'முப்பது' என்று எழுதி வந்தாள்.

"ஏட்டி, நீயே பசுவந்தனை ஊருல பொறந்து இங்க வந்தவதான. ஒனக்கு முப்பது வயசா?"

வகுப்பு சிரித்தது.

"யார் கேட்டாலும் முப்பதுன்னுதான் சொல்லணும்னு எங்கம்மை சொல்லுதா சார்."

காரணம் எனக்குத் தெரியும். நெடுங்காலம் இருந்தவர்களுக்குப் பட்டா கிடைக்கும், புதிதாக வந்தவர்களைக் கிளப்பிவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. ஆனாலும் என் வரைபடத்தில் பொய் இருக்கக் கூடாது என்று எனக்குப் பிடிவாதம்.

"சாருக்குத்தான்னு சொல்லிக் கேளு. சொல்லுவாவ."

சொன்னார்கள். மூன்று, ஆறு, நான்கு. அவள் வீட்டுக்கு ஐந்து.

பள்ளிக் கண்காட்சிக்கு வந்த நகராட்சி அதிகாரி வரைபடத்தின் முன் வெகுநேரம் நின்றார். "எங்க ஆளுக எடுத்த கணக்கவிட நல்லா இருக்கே சார். ஆபீசுக்குக் கொண்டுபோகட்டுமா?"

பாராட்டு கேட்டு எனக்கு நாளாகியிருந்தது. நானே சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை நானும் பார்த்தேன்.

கோடை விடுமுறை தொடங்குமுன் ஓடைக்கரை வீடுகளுக்குக் காலி செய்யச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் வந்தது. ஒவ்வொன்றிலும் குடிவந்து எத்தனை வருடம் என்று இருந்தது. எல்லாம் அவள் எழுதிய எண்கள். பள்ளி திறப்பதற்குள் கரையில் வீடுகள் இல்லை.

ஜூனில் அவளுடைய அம்மா அவளையும் கூட்டிக்கொண்டு டி.சி. வாங்க வந்தார்.

"எங்கன போறீய?" என்றேன்.

"ஊருக்குத்தான். வேற எங்கன போக."

"நான் வேணும்னு செய்யலம்மா."

"அது தெரியும் சார். அத்தன வீடும் எம் மகளத்தான் ஏசுச்சு. காட்டிக்குடுத்த கழுதைன்னாவ. நாந்தான் கேக்கச் சொன்னேன்னு நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

சொல்லியிருக்கலாம். கூப்பிடு தூரம்தான். அந்த இரண்டு மாதமும் நான் கரைப்பக்கம் போகாமல் சுற்றுவழியாகத்தான் கடைத்தெருவுக்குப் போய்வந்தேன்.

டி.சி.யில் 'விலகும் காரணம்' என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதினேன். தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. மகள்தான் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினாள். அந்த ஒரு வரியை மட்டும் வாசிக்காமல் தாளை மடித்துக்கொண்டாள்.